ஷெல் நிரலில் பணிப்படியைக் கண்டறிதல்

பணிப்படி என்பது, பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் கண்காணிக்கும் கோப்புத் தொகுதியின், நாம் நேரடியாகத் திருத்தும் படி ஆகும். கோப்புகளை அழிக்கும் ஷெல் நிரல், தான் இயங்கும் இடம் பணிப்படியா என்பதை முதலில் அறிய வேண்டும். பதிவு செய்த கோப்பை மீட்கலாம். பதிவு செய்யாதது போனால் போனதுதான்.

கிட் மென்பொருளுக்கு ‘.கிட்’ என்ற மறைகோப்புறை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. சேலை வடிவங்கள் ‘ஆரணி’ என்ற கோப்புறையிலும், அதன் உள்ளே ‘முந்தானை’ என்ற உட்கோப்புறையிலும் உள்ளன என்று கொள்வோம். ‘.கிட்’ மேலே ‘ஆரணி’யில் மட்டுமே இருக்கும். ‘முந்தானை’யில் இயங்கும் நிரல் அதைக் காணாது. மேலும், 2015இல் வந்த கிட் 2.5 முதல், ‘வொர்க்ட்ரீ’ கட்டளையால் உருவாக்கும் கூடுதல் பணிப்படியில் ‘.கிட்’ கோப்புறையாக இராது. சாதாரணக் கோப்பாக இருக்கும்.

சப்வெர்ஷனிலும் இதே நிலைதான். முன்பு ஒவ்வோர் உட்கோப்புறையிலும் இருந்த ‘.எஸ்விஎன்’, 2011இல் வந்த 1.7 பதிப்பு முதல் உச்சிக் கோப்புறையில் மட்டுமே உள்ளது.

எனவே மென்பொருளையே கேட்பது நல்லது. ‘கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-இன்சைட்-வொர்க்-ட்ரீ’ என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால், பணிப்படிக்குள் ‘ட்ரூ’ என்று விடை வரும். களஞ்சியத்துக்கு வெளியே கட்டளை பிழையுடன் முடியும். ‘.கிட்’ கோப்புறைக்குள் நின்று கேட்டால் ‘ஃபால்ஸ்’ என்று வரும். ஆனால் கட்டளை வெற்றி எனவே முடியும். ஆகவே முடிவுக் குறியீட்டை மட்டும் நம்பாமல், அச்சாகும் சொல்லையும் சரிபார்க்க வேண்டும்.

‘ட்ரூ’ வந்தாலும் எல்லாக் கோப்புகளும் பதிவாகிவிட்டன என்று பொருளில்லை. அழிக்கும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ் --போர்சலின்’ கட்டளையால் பதிவாகாத மாற்றங்களைக் காணலாம். புறக்கணிப்புப் பட்டியலில் உள்ள கோப்புகள் அதில் தெரியா.