வீட்டுக்குள் வளரும் செடிக்கு டியூப் லைட் போதுமா? வாங்கும் முன் அறிய வேண்டியவை

திருப்பதி மாவட்டம் புத்தூர் போன்ற வெயில் மிகுந்த ஊர்களிலும், வெப்பத்துக்கு அஞ்சிச் சன்னலை அடைத்த அறைகளில் தொட்டிச் செடிகள் ஒளியின்றி நெட்டையாகி வெளிறிப் போவதுண்டு. இச்செடிகளுக்கு டியூப் லைட் வெளிச்சம் உதவுமா?

உதவும். திசு வளர்ப்பு ஆய்வகங்களில் வாழைக் கன்றுகள் நெடுங்காலமாக வெள்ளை டியூப் லைட்டின் கீழேயே வளர்க்கப்பட்டு வந்துள்ளன. அங்கு பொதுவாக நாளொன்றுக்கு 16 மணி நேரம் விளக்கு எரியும். ஆனால், அக்கன்றுகளுக்கு வளர்ப்புக் கூழில் சர்க்கரையும் கிடைக்கிறது. வீட்டுச் செடியோ ஒளியை மட்டுமே நம்பி உணவு தயாரிக்க வேண்டும். எனவே, விளக்கின் வகையைவிட அதன் தொலைவே முக்கியம். சுவரின் உச்சியில் எரியும் விளக்கு நமக்குப் போதும், செடிக்குப் போதாது. செடியின் நுனிக்கு மேல் 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் விளக்கு இருக்க வேண்டும். இலைச் செடிகளுக்கு 6500 கெல்வின் எனக் குறிக்கப்பட்ட வெள்ளை ஒளி ஏற்றது. நாள்தோறும் 12 முதல் 14 மணி நேரம் போதுமானது. இரவில் இருள் அவசியம்.

எனினும், புதிதாக டியூப் லைட் வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. அதில் பாதரசம் உள்ளது. பொதுப் பயன்பாட்டுக்கான இவ்வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த, 2023-இல் ஜெனீவாவில் நடைபெற்ற மினமாட்டா உடன்படிக்கை மாநாட்டில் முடிவெடுக்கப்பட்டது. இந்தியாவும் இந்த உடன்படிக்கையில் இணைந்துள்ளது.

மின்செலவிலும் வேறுபாடு உண்டு. 40 வாட் டியூப் லைட் 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்குச் சுமார் 17 யூனிட் செலவாகும். 20 வாட் எல்இடி விளக்குக்கு அதில் பாதியே ஆகும். வீட்டில் ஏற்கெனவே உள்ள டியூப் லைட்டைப் பயன்படுத்தலாம். அது உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல், கையுறை அணிந்து துண்டுகளைத் தடித்த அட்டையால் அள்ள வேண்டும்.