தொலைபேசியில் வந்தவர் காட்டிய பட்டியல்

"மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள்." தொலைபேசியில் இப்படித் தொடங்கும் குரல் அவசரப்படாது. வீட்டுக்காரரையே கணினி முன்னால் உட்காரச் சொல்லும். கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கவைத்து, ஒரே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்லும். திரையில் எண்கள் வரிசை வரிசையாகக் கொட்டும். மேலே 'ஃபாரின் அட்ரஸ்' என்று ஒரு தலைப்பு, ஓரத்தில் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்ற சொல் பத்து இடங்களில். "பார்த்தீர்களா? இத்தனை வெளிநாட்டு ஆட்கள் உள்ளே குடியேறிவிட்டார்கள்."

அங்கேதான் மனம் உடைகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டுச் செயலி இறங்கிவிடும், வங்கிக் கணக்கு திறந்துவிடும்.

அமெரிக்கா, பிரிட்டன் முதியவர்களிடம் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஏமாற்று இது. அழைப்புகளில் பல நம் நாட்டு நகரங்களிலிருந்தே போயின. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் தந்த புகார்களும் சேர்ந்து, 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. உள்ளூர் மக்களும் தப்பவில்லை. எனிடெஸ்க்கை இறக்கவைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

இந்த மோசடியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திரையில் வந்த பட்டியல் பொய்யில்லை, அதற்குச் சொன்ன விளக்கம்தான் பொய். 'ஃபாரின்' என்ற சொல்லுக்கு இங்கே அயல்நாடு என்று பொருளில்லை, இணைப்பின் மறுமுனை என்றுதான் பொருள். பக்கத்து அறையில் இருக்கும் பிரின்டரின் முகவரியும் அதே தலைப்பின்கீழ்தான் வரும். 'எஸ்டாப்ளிஷ்ட்' என்றால் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பிரவுசரில் நாலு பக்கம் திறந்திருந்தால் அப்படி இருபது வரிகள் சாதாரணமாக வரும். பட்டியலைத் தானே வாசிக்கத் தெரிந்தவரிடம் அந்தக் குரலுக்கு வேலையில்லை.

அந்தக் கட்டளையின் பெயர் நெட்ஸ்டாட். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-ல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பிலேயே அது இருந்தது. அந்த வளாகத்துக்கு மேலே குன்றில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், 1986-ல், கணினிக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அன்றைய கணினி நேரம் காசுக்கு விற்கப்பட்டது, அதனால் ஒரு டாலர்கூட இல்லாத அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கும் வேலை கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளரிடம் வந்தது. யாரோ ஒருவர் அனுமதியின்றி நுழைந்திருந்தார். ஸ்டோல் அவரை உடனே வெளியே தள்ளவில்லை. உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரின்டர்களை மாட்டி, அந்த ஆள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பிடித்தார், நேரத்தைக் குறித்துவைத்தார். மாதக்கணக்கில் நடந்த அந்தக் காவல் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. ராணுவக் கணினிகளில் திருடிய தகவல்களைச் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்றுவந்தவர்கள் பிடிபட்டார்கள். துண்டிப்பதற்கு முன் பதிவு செய் என்ற அவருடைய பழக்கம், இன்று பணத்தைப் பறிகொடுத்து நிற்பவருக்கும் உதவும்.

இனி வாசிக்கும் முறை. விண்டோஸில் 'சிஎம்டி' என்று தேடிக் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் என், இ, டி, எஸ், டி, ஏ, டி என்று சேர்த்துத் தட்ட வேண்டும். ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பிறகு ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகள். ஏ என்றால் எல்லா இணைப்பும், என் என்றால் முகவரிகள் எண்ணாகவே, ஓ என்றால் அந்த இணைப்பை வைத்திருக்கும் செயலியின் அடையாள எண். கடைசிப் பத்தியில் வரும் அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரின் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் தேடினால் எந்தச் செயலி என்பது தெரிந்துவிடும். லினக்ஸில் இப்போது இதற்கு 'எஸ்எஸ்' என்ற கட்டளை வந்துவிட்டது, மேக்கில் 'எல்எஸ்ஓஎஃப்' உதவும்.

127.0.0.1 என்ற முகவரி கணினி தன்னோடு தானே பேசுவது, பயப்பட ஒன்றுமில்லை. முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு வரும் எண் போர்ட் எண், ஒரு கட்டடத்தின் கதவு எண்ணைப் போல. மறுமுனையில் 443 என்றால் பெரும்பாலும் பாதுகாப்பான இணையதளத் தொடர்பு. 'லிசனிங்' என்ற வரி, யாராவது தட்டினால் திறக்கத் தயாராக ஒரு செயலி காத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. விண்டோஸில் 135, 445 ஆகியவை இப்படிக் காத்திருப்பது வழக்கம். 3389 காத்திருந்தால், தொலைவிலிருந்து அந்தக் கணினியை இயக்கும் வசதி திறந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் யாரும் அதைத் திறக்கவில்லை என்றால் மூடிவிட வேண்டும். 7070 எனிடெஸ்க்கோடும், 5938 டீம்வியூவரோடும் சேர்ந்து வரும் எண்கள். எப்போதோ ஒருமுறை 'சர்வீஸ்' செய்ய வந்தவர் போட்டுவிட்டுப் போனது இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம்.

வழக்கமான கதவுதானே என்று 445-ஐச் சும்மா விடவும் முடியாது. 2017 மே 12 அன்று கிளம்பிய வானாகிரை என்ற தீநிரல் அந்தக் கதவு வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. ஏறத்தாழ 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள்.

தமிழ்நாட்டுக்குக் கூடங்குளம் ஒரு பாடம். அணுமின் நிலையத்தில் ஊடுருவல் என்று 2019 அக்டோபரில் செய்தி பரவியபோது, நிலைய நிர்வாகம் முதலில் மறுத்தது. மறுநாளே, அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது என்றும், அணு உலையை இயக்கும் வலையமைப்பு தனியாக இருப்பதால் அது பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கியது. அதை செப்டம்பர் 4-லேயே கவனித்துச் சொன்னது 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. கணினியை முழுதாகக் கைப்பற்றியவர் நெட்ஸ்டாட்டையே மாற்றிவைக்க முடியும். 2001-ல் லினக்ஸ் கணினிகளில் பரவிய லயன் புழு அதைத்தான் செய்தது. தன் இணைப்புகளை மட்டும் மறைத்துக் காட்டும் போலிக் கட்டளையை வைத்துவிட்டுப் போனது. ஆகவே பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்பதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் தீராவிட்டால், செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் கிடைக்கும் இலவசத் துப்புரவுக் கருவிகளை இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

சொந்தக் கணினியின் இணைப்புகளைப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவு அதற்கு இழப்பீடு கேட்க வழி தருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு பேசும் குரல் நேராக அதில் விழுகிறது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் பலர் செய்யும் தவறு, கணினியை ஃபார்மேட் செய்வது. தடயமெல்லாம் அதோடு போய்விடும். முதலில் திரையில் இருக்கும் பட்டியலைக் கைபேசியில் படம் எடுக்க வேண்டும், ஒரு நிமிட வேலைதான். உடனே வைஃபையைத் துண்டிக்க வேண்டும், ஆனால் கணினியை அணைக்க வேண்டாம். அடுத்து 1930 என்ற எண்ணுக்கு அழைப்பு, வங்கிக்கு அழைப்பு, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே நிறுத்திவைக்க அங்கே ஏற்பாடு உண்டு, அதனால் மணிக்கணக்கு முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. வாடிக்கையாளரே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

பலருக்கும் தெரியாத கதவு ஒன்று பாக்கி இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் ஒரு தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவரிடம் மனுவாகக் கொடுக்கலாம், குற்ற வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பணத்தை இழந்த ஒரு வாடிக்கையாளர் தமிழ்நாட்டு அதிகாரியிடம் இப்படித்தான் போனார். அவருடைய அலட்சியம்தான் காரணம் என்று வங்கி வாதாடியது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாயை அவருக்குக் கொடுக்கும்படி அந்த வங்கிக்கு உத்தரவிட்டது.