சிவப்புக் கோடிட்ட மூன்று இடங்கள்



வேலைக்காக நான் ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பக் கடிதத்தில் மாமி மூன்று இடங்களில் சிவப்புக் கோடிட்டார்.

'நான் முன்பள்ளி ஆசிரியை' என்பதற்குத் தமிழில் வினைச்சொல் தேவையில்லை. அதே பழக்கத்தில் 'ஐ ப்ரீஸ்கூல் டீச்சர்' என்று எழுதியிருந்தேன். 'ஐ ஆம் அ ப்ரீஸ்கூல் டீச்சர்' என்பதே சரி.

காரணம் சொல்லும் 'பிகோஸ்' பகுதியைத் தனி வாக்கியமாக விட்டிருந்தேன். அது முன்வாக்கியத்தோடு சேரவேண்டும்.

இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டியிருந்தேன். அங்கே முற்றுப்புள்ளியோ, காற்புள்ளியோடு 'அன்ட்' போன்ற இணைப்புச் சொல்லோ வேண்டும்.

"எழுதியதை உரத்து வாசி பிள்ளை. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எது, வினை எது என்று தேடு" என்றார் மாமி.

திருத்திய கடிதத்துக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு வந்தது. இன்று மகளின் கொப்பியிலும் இந்த மூன்றையுமே முதலில் பார்க்கிறேன்.