இன்சுலினைக் கைவிடாதிருங்கள்



ஞாயிறு ஆராதனையில் மேய்ப்பனுடைய கைக்கு வரும் ஜெப விண்ணப்பச் சீட்டுகளில் சில நான்காக மடிக்கப்பட்டிருக்கும். கடன், வழக்கு, குடிப்பழக்கம் ஆகியவற்றோடு இப்பொழுது இன்னொன்றும் அச்சீட்டுகளில் இடம்பெறுகிறது: பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி, பெயரைச் சொல்லாமல் ஜெபியுங்கள். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, செங்கல், தனுவச்சபுரம், அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரையிலுள்ள தமிழ்ச் சபைகளில் இது புதிய காரியமல்ல. அங்கிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று, அவ்விடத்துச் சபைகளில் ஐக்கியம் கொண்டிருக்கும் உங்களுக்கும் இது தெரிந்ததே. அந்தச் சீட்டை மடித்துக் கொடுத்த தாய் தகப்பன்மாருக்காகவும், வியாதியைச் சுமக்கும் வாலிபருக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. நாடு முழுவதற்குமான அளவு 11.4 சதவீதம். நால்வரில் ஒருவருக்கு இருக்கிற வியாதியைப் பற்றி நாம் மூடிமறைத்துப் பேசுவது விந்தையே. ஆயினும் வாலிபருக்கு வரும் சர்க்கரையும் பாட்டனுக்கு வரும் சர்க்கரையும் ஒன்றுபோலச் செயல்படுவதில்லை என்பதை முதலாவது அறிய வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது டைப் 1 என்னும் வகை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. தாய் மிட்டாய் கொடுத்ததனால் இது வருவதில்லை. யார் செய்த பாவம் என்று சீஷர்கள் பிறவிக் குருடனைக் குறித்துக் கேட்ட கேள்வியை (யோவான் 9-ம் அதிகாரம்) இன்றும் சில மூப்பர்கள் இப்பிள்ளைகளைக் குறித்துக் கேட்கிறார்கள். ஆண்டவர் அன்றே அதற்குப் பதில் கொடுத்துவிட்டார். இரண்டாவது, டைப் 2. பரம்பரை, உடல் எடை, அசைவற்ற வாழ்க்கை ஆகியவற்றால் நாற்பதுக்கு மேல் வந்துகொண்டிருந்த இது, இப்பொழுது பதினைந்து பதினாறு வயதிலேயே காணப்படுகிறது. பிள்ளையின் கழுத்தின் பின்புறத்தில் அழுக்குப் படிந்தாற்போலத் தோல் கறுத்துத் தடித்திருந்தால், சோப்புப் போட்டுத் தேய்க்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது ஒன்று, நம்முடைய மண்ணோடு பெயர் இணைந்தது. கணையத்தில் கல் படிந்து, அதனால் வரும் சர்க்கரை. கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்க்கீஸ் இவ்வகை நோயாளிகள் அநேகரை ஆராய்ந்து 1968-ல் நூலாக வெளியிட்டார். சிறுவயதில் அடிக்கடி வயிற்றுவலியால் துடித்த பிள்ளைகளுக்குப் பருவ வயதில் சர்க்கரை வந்ததையும், பலர் முதுமையைக் காணாமலே மரித்ததையும் அவர் பதிவு செய்தார். பழி மரச்சீனிக் கிழங்கின்மேல் விழுந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரவச்செய்த அந்தக் கிழங்குதான் நம் முன்னோரின் பஞ்சம் தீர்த்தது. பிற்பாடு மரச்சீனியே உண்ணாத இடங்களிலும் இந்நோய் காணப்பட்டது. 2002-ல் மரபணுக் காரணமும் வெளிவந்தது. ஆகவே கிழங்கைக் குற்றவாளியாக்க இயலாது. மரச்சீனியும் மீன்குழம்பும் இல்லாமல் ஊர் நினைவு ஏது? ஆனால் அது மாவுப்பொருள். சோற்றைப் போலவே அளந்து உண்ண வேண்டியது. அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையைப் பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்று அதட்டாதிருப்பது அதைவிட முக்கியம்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரத்தில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதுவரை டைப் 1 வந்த பிள்ளைகள் பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாகிச் சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ மரித்தார்கள். அதே ஆண்டில் இன்சுலின் பெற்ற எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி, 1981 வரைக்கும் வாழ்ந்து பிள்ளைகளையும் கண்டாள். பிள்ளைகள் உயிரோடிருக்கத் தொடங்கின பிறகே, இவ்வியாதி கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் இருதயத்தையும் மெதுவாகக் கெடுக்கிறது என்பது உலகத்திற்குத் தெளிவாயிற்று.

இந்தச் சேதம் சத்தமில்லாமல் வருகிறது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கி வருஷங்கள் ஆகியும், வாலிபன் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தூரத்திலேயே படித்துவிடுவான். சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் சிறிதளவு ஒழுகும்போது காலில் வீக்கமும் இராது, களைப்பும் இராது. வீக்கம் தெரியும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்டுப்போயிருக்கும். பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ வந்தால், நாள் முழுவதும் நின்று வேலை செய்ததினால் என்று எண்ணிக்கொள்வோம்.

அமெரிக்காவில் சிறுவயதிலேயே சர்க்கரை வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அவர்களுடைய சராசரி வயது 21. வியாதி வந்து ஏறக்குறைய 8 ஆண்டுகள். டைப் 1 உள்ளவர்களில் 32 சதவீதம் பேருக்கும், டைப் 2 உள்ளவர்களில் 72 சதவீதம் பேருக்கும் ஏதாவதொரு பின்விளைவோ இரத்த அழுத்தம் போன்ற துணைநோயோ அதற்குள்ளாகவே இருந்தது. சிறுநீரகப் பாதிப்பு முதல் வகையாரில் 6 சதவீதம், இரண்டாம் வகையாரில் 20 சதவீதம். டைப் 2 வாலிபரை மட்டும் ஆராய்ந்து 2021-ல் வெளியான மற்றோர் ஆய்வில், சராசரி 26 வயதுக்குள் 60 சதவீதம் பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஒன்றாவது பாதிக்கப்பட்டிருந்தது. மாத்திரை மட்டும் போதுகிற சர்க்கரை இலேசானது என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. வாலிபரிடத்தில் அந்தச் சர்க்கரையே அதிக வேகமாகக் கேடு செய்கிறது.

ஊழியக்காரரும் தாய்மாரும் கவனிக்கத்தக்க ஓர் அடையாளத்தைச் சொல்லுகிறேன். மருத்துவர்கள் இதற்கு ஜெபக்குறி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெபிக்கிறாற்போல இரு கைகளையும் சேர்க்கச் சொன்னால், நெடுநாள் சர்க்கரை உள்ள சில வாலிபருடைய விரல்களும் உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. நடுவே இடைவெளி நிற்கும். மூட்டுகளைச் சுற்றிய தோலும் தசைநாண்களும் இறுகிப்போவதே காரணம். வலி இராதபடியால் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கை இவ்விதம் இறுகினவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் கெடும் அபாயம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். குடும்ப ஜெபத்தில் ஒருநாள் உங்கள் பிள்ளையின் கைகளைப் பாருங்கள்.

இதைத் தடுக்கக் கூடுமா? கூடும். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 வயது முதல் 39 வயது வரையுள்ள 1,441 டைப் 1 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினர் அக்காலத்து வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி போட்டார்கள். மற்றவர்கள் நாளுக்குப் பலமுறை சர்க்கரையைச் சோதித்து அதற்கேற்ப இன்சுலின் எடுத்தார்கள். இரண்டாம் பிரிவினருக்குக் கண் பாதிப்பு 76 சதவீதமும், நரம்புப் பாதிப்பு 60 சதவீதமும், சிறுநீரகப் பாதிப்பு ஏறக்குறைய பாதியும் குறைந்தன. பிற்பாடு இரு பிரிவினருடைய கட்டுப்பாடும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியிருந்தும், ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தினவர்களுக்கே பல ஆண்டுகள் கழித்தும் நன்மை தொடர்ந்தது. கல்லூரி முடியட்டும், வேலை கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வருஷங்கள்தாம் பிற்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

இப்பொழுது சபைக்குள் பேசவேண்டிய காரியத்துக்கு வருகிறேன். எல்லைக் கிராமமொன்றிலிருந்து நகரத்துக்கு வேலைக்குச் சென்ற வாலிபன் ஒருவனை அறிவேன். அவனுக்கு டைப் 1 வந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஒரு கன்வென்ஷனில் அவனுக்காக ஜெபிக்கப்பட்டது. அந்த வாரங்களில் அவனுக்கு இன்சுலின் தேவை வெகுவாகக் குறைந்திருந்தபடியால், சுகமாயிற்று என்று சாட்சி சொல்லி ஊசியை நிறுத்திவிட்டான். சில வாரங்களுக்குப் பிறகு வாந்தி, வயிற்றுவலி, நீண்ட மூச்சு. நினைவிழந்த நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். தேவகிருபையால் பிழைத்தான். நடந்தது என்னவென்றால், டைப் 1 வந்த பலருக்கு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியிருக்கும் அணுக்கள் சற்று இளைப்பாறி மீண்டும் சுரக்கும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதங்கள், அபூர்வமாக ஒரு வருஷத்துக்கு மேலும் நீடிக்கும், பின்பு முடிந்துபோகும். இந்தக் காலத்தைச் சுகம் என்று எண்ணி ஊசியை நிறுத்தினவன் மரணத்தின் வாசலுக்குப் போகிறான்.

தேவன் சுகமாக்குகிறார் என்பதை நான் மறுக்கிறவனல்ல. முப்பது வருஷமாக நோயாளிகள்மேல் கைவைத்து ஜெபிக்கிறவன். ஆனால் வேதத்தைக் கவனியுங்கள். குஷ்டரோகிகளை நம்முடைய ஆண்டவர் ஆசாரியனிடத்தில் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி அனுப்பினார் (லூக்கா 17). சுகமானதைச் சோதித்துச் சொல்லும் அதிகாரம் அந்நாளில் ஆசாரியனுக்கு இருந்தது. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த தேவன், அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கவும் ஏசாயாவின் மூலமாய்ச் சொன்னார். உண்மையாகவே சுகம் வந்திருந்தால் அது மருத்துவருடைய பரிசோதனையிலும் தெரியும். இன்சுலினைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவருடைய வேலை. மேடையிலிருந்து மருந்தை எறியச் சொல்லுகிற ஊழியக்காரர் அதன்பின் அந்தப் பிள்ளையின் வீட்டில் இராத்தங்குவதில்லை.

நகரத்திலிருக்கும் வாலிபருக்குச் சில வார்த்தைகள். விடுதியில் மற்றவர் காணாதபடி ஊசியைத் தவறவிடுவதும், இரவுப்பணியில் நேரம் மாறிப் போடுவதும், உடல் மெலிய வேண்டுமென்று சில பெண்பிள்ளைகள் இன்சுலினை வேண்டுமென்றே குறைப்பதும் பின்விளைவுகளை விரைவாக்கும். புகையிலை எவ்வுருவிலும் வேண்டாம். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சோதியுங்கள். எச்.பி.ஏ.1.சி என்னும் மூன்றுமாத சராசரிப் பரிசோதனையை விடாதிருங்கள். கண், சிறுநீர் அல்புமின், பாதம் ஆகியவற்றை, டைப் 2 என்றால் வியாதி கண்ட அன்றிலிருந்தும், டைப் 1 என்றால் பருவ வயதில் வியாதி வந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளாகத் தொடங்கியும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் சோதிக்க வேண்டும். ஊரில் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடானால், ஒரு மண்பானைக்குள் இன்னொரு மண்பானை வைத்து, நடுவே ஈரமணல் நிரப்பி, உள்ளே இன்சுலினை வைக்கலாம். உறைய மட்டும் விடக்கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

திருமணப் பேச்சில் மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: மறைக்காதிருங்கள். கர்ப்பந்தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுப்படுத்திக் கண்ணையும் சோதிக்க வேண்டியவளுக்கு, கணவனுக்குத் தெரியாமல் அதை எப்படிச் செய்யக்கூடும்?

உதவி இல்லாமலில்லை. டைப் 1 உள்ள பிள்ளைகளுக்காகக் கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் 2018-ல் 'மிட்டாயி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அதன் மையம் உண்டு. இன்சுலினும் கருவிகளும் ஆலோசனையும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. வயது, வருமான நிபந்தனைகளை அங்கே நேரில் கேட்டு அறியுங்கள். குடும்ப சுகாதார நிலையங்களிலேயே விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கும் 'நயனாமிர்தம்' திட்டம் திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் தொடங்கிற்று. பாறசாலைக்கு அருகே காரக்கோணத்தில் சோமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரியும், எல்லைக்கு இப்பால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ல் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு தமிழ்நாட்டிலும் ஆனதனால், நம் குடும்பங்கள் ஒரு வருஷம் இங்கேயும் மறு வருஷம் அங்கேயும் வைத்தியம் பார்க்கின்றன. பரிசோதனைத் தாள்கள் சிதறிவிடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, நகரத்துக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் வேதாகமத்தோடு வையுங்கள்.

கடைசியாக உபவாச ஜெபம். இன்சுலின் போடும் வாலிபர் மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்கக் கூடாது. அவர்களைச் சபை நிர்ப்பந்திக்கவும் கூடாது. முழு இரவு ஜெபத்தில் ஒரு பிள்ளை வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறி, முறைத்துப் பார்த்து விழுந்தால், அதை அபிஷேகம் என்று ஸ்தோத்திரிப்பாரும் உண்டு, அசுத்த ஆவி என்று அதட்டுவாரும் உண்டு. அது தாழ்ந்துபோன சர்க்கரையாயிருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள்; பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆலய அலமாரியில் திருவிருந்துப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா சர்க்கரையும் ஒரு தேக்கரண்டியும் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறதென்று வாசலில் நிற்கும் சகோதரர் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.