தோல்வழி அறியும் மூச்சு

மூச்சின் பயன் ஒட்சிசனைப் பெறுவது மட்டுமன்று; உடலிற் சேரும் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதும் அதன் கடனேயாம். நலமுடையோரின் நாடிக் குருதியில் இவ்வாயுவின் அமுக்கம் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். அது மிகுந்தால் குருதியில் அமிலத்தன்மை ஏறும், அறிவு மயங்கும்.

நம் மலையகத்து லயன் அறைகளில் விறகுப் புகையிடையே பல்லாண்டு சமைத்தோருக்கு நெடுநாள் நெஞ்சு நோய் வருதல் உண்டு. அத்தகையோருக்கு ஒட்சிசன் கொடுக்கும்போது, விரலில் மாட்டும் கருவி நல்ல எண்ணையே காட்டலாம். ஆயினும் மூச்சு ஆழமற்றதாயின், உள்ளே காபனீரொட்சைட்டு பெருகிக்கொண்டே இருக்கும். விரற்கருவி அதனை அறியாது. நாடியில் ஊசியேற்றிக் குருதி எடுத்தால் அறியலாம். எனினும் அது நோவு தருவது. அந்நொடியின் நிலையை மட்டுமே உரைப்பது.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே தோல்வழி அளக்கும் முறை. 1950களில் அமெரிக்கராகிய றிச்சட் ஸ்டோ அமைத்து, ஜோன் செவரிங்ஹவுஸ் திருத்திய மின்வாயே இதற்கு அடிப்படை. சிறு வில்லை போன்ற கருவியைத் தோலில் ஒட்டி, ஏறத்தாழ 42 பாகை செல்சியசு வரை சூடாக்குவர். அவ்விடத்து மயிர்த்துளைக் குழாய்கள் விரிந்து குருதி நிறையும். தோலினூடு கசியும் வாயு மெல்லிய சவ்வைக் கடந்து கரைசலில் கரைய, அதன் அமிலத்தன்மை மாறும். அம்மாற்றம் மின்னளவாகி எண்ணாகத் தோன்றும். வெப்பத்தால் அளவு சற்று மிகுவதால், கருவியே அதனைத் திருத்திக் காட்டும்.

குறைமாதக் குழந்தையின் சிற்றுடலில் அடிக்கடி குருதி எடுத்தலாகாது. அங்கே இம்முறை பேருதவி. உறக்கத்தில் மூச்சு குன்றுவோரை எழுப்பாமலே இரவு முழுதும் ஆராயவும் இது பயன்படுகிறது.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்தால் தோல் சுடும். ஆதலின் இடத்தை மாற்றல் வேண்டும். குருதியோட்டம் குன்றியவரிடத்தில் அளவு பிழைபடும். ஐயம் எழுந்தால் குருதிச் சோதனையே முடிவு கூறும்.

இக்கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆனால் நம் கண்கள் உள்ளன. நெஞ்சு நோயுள்ள முதியவருக்குக் காலையில் தலைவலி, மிகுந்த உறக்கம், பேச்சிற் குழப்பம் தோன்றினால், அசதி என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.