முதல் பத்து பேருக்கு வெப்சைட் வேண்டாம்

மெம்பர்ஷிப் ஆரம்பிக்கணும்னு நான் முதல்ல பண்ணது என்ன தெரியுமா? மூணு மாசம் உட்கார்ந்து லாகின், டாஷ்போர்டு எல்லாம் கட்டினேன். சேர்ந்தவங்க? பூஜ்யம். கோடிங் எனக்குச் சுலபம். காசு கேக்குறது கூச்சம். அதைத்தான் தள்ளிப்போட்டிருக்கேன்.

அடுத்த தடவை தலைகீழா பண்ணேன். சனிக்கிழமை ஒரு மணி நேரம் இன்டர்வியூ பயிற்சி, மாசம் 199 ரூபாய். வாட்ஸ்அப் குரூப், இலவச கூகுள் மீட், என் யுபிஐ க்யூஆர், கணக்குக்கு ஒரு ஷீட். அவ்வளவுதான். முதல் மாசம் 7 பேர் வந்தாங்க.

கையால வசூலிக்க முடியாத அளவுக்கு ஆள் சேர்ந்த பிறகு பேமென்ட் கேட்வே போதும். கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு வெச்சுக்கோங்க. 199-ல 4 ரூபாய் 70 காசு போகும். 50 பேர் இருந்தா கைக்கு 9,715 ரூபாய் வரும்.

ஆட்டோபே வெச்சா காசு தானா வந்துடும்னு நிம்மதியா இருக்காதீங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடியே மெம்பருக்குத் தகவல் போகணும். அதைப் பார்த்ததும் அவர் யோசிப்பார்: "இந்த மாசம் எனக்கு என்ன கிடைச்சுது?" பத்துல ஒருத்தர் விலகினாலே, 50 பேரைத் தக்கவைக்க மாசம் 5 புது ஆள் தேவை.

இந்த வார ஹோம்வொர்க்: தெரிஞ்ச மூணு பேர்கிட்ட விலையைச் சொல்லிக் கேளுங்க. "சூப்பர் ஐடியா"ன்னு சொன்னவங்களைக் கணக்குல சேர்க்காதீங்க. ஸ்கேன் பண்ணவங்களை மட்டும் சேருங்க.