பங்குனித் துளிர்

தெருவில் இறங்கும் பருவங்கள் – 12

பங்குனி பிறந்துவிட்டால் ஊர்ப் பேச்சு முழுக்க வெயிலைப் பற்றித்தான். இன்று எத்தனை டிகிரி, போன வருஷம் இதே நாளில் எத்தனை, இந்த வருஷம் கத்திரி எப்படி இருக்கும் என்று ஆரம்பித்து, மண்பானை, மோர், மின்வெட்டு என்று போய் முடியும். சித்திரையை எப்படிக் கடத்துவது என்ற கவலையிலேயே பங்குனி கழிந்துவிடும். அதே நாட்களில்தான் நம் தெரு மரங்கள் புது இலை விடுகின்றன. அந்தப் பச்சையை ஐப்பசி மழையில்கூடப் பார்க்க முடியாது. வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, தலைக்கு மேலே நடக்கும் இந்தத் திருவிழா தெரியாமலே போய்விடுகிறது.

சென்ற வாரம் மச்சைத் துளைக்கும் மாசிப் பனியைப் பார்த்தோம். இந்த வாரம் புங்கம், அரசு, வேம்பு. மூன்றும் சென்னையில் எளிதாகக் கண்ணில் படுபவை. இதற்காக எங்கேயும் போக வேண்டியதில்லை. பால் வாங்கப் போகிற வழியே போதும்.

முதலில் புங்கம். மாசிக் கடைசியில் இலை பழுத்து உதிரத் தொடங்கும். உதிர்ந்த இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூச்சி குடைந்த வெள்ளைத் தடங்கள், கொப்புளங்கள், ஒரு வருஷத்துப் புழுதி. உழைத்து ஓய்ந்த இலை. சில மரங்கள் பத்து நாளைக்கு ஏறக்குறைய மொட்டையாக நிற்கும். பிறகு கிளை நுனிகளில் துளிர். முதல் இரண்டு மூன்று நாள் அதற்கு விறைப்பே இருக்காது. செம்பழுப்பு நிறத்தில் துவண்டு தொங்கும். அப்புறம் நிமிர்ந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் இளம்பச்சைக்கு மாறும். ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள்.

இதைப் பார்க்க நல்ல நேரம் காலை எட்டு மணி. சூரியன் கிழக்கில் இருக்கும்போது மரத்தின் மேற்குப் பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் இலைக்குள் புகுந்து வெளியே வரும். நரம்பு நரம்பாகத் தெரியும். இரண்டு மூன்று வாரம் போனால் இலை தடித்துக் கரும்பச்சையாகிவிடும். பிறகு வெளிச்சம் அப்படி ஊடுருவாது. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி இது. அதுவும் வாசலிலேயே கிடைக்கிறது.

எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாவிடம் ஒருநாள், "இலை ரொம்பக் கொட்டுதே, வேலை ஜாஸ்தியா இருக்குமே?" என்று கேட்டேன். "இலை பத்து நாளைக்குத்தான்மா. சித்திரையில பூ கொட்டும் பாருங்க, அதான் கஷ்டம். காலையில ஈரத்தோட தரையில ஒட்டிக்கும், தொடப்பத்துக்கு வராது. வெயில் ஏறின அப்பறம் பெருக்கினா தானா வந்துடும்" என்றார். எந்த மரம் எப்போது கொட்டும், எது காய்ந்தால் லேசாகும், எது மழைநீர் வடிகாலை அடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெருவின் பஞ்சாங்கத்தை என்னைவிட நன்றாகப் படித்தவர் அவர். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்கிறேன்.

சரி, சென்னையில் பெருமழை தொடங்க ஐப்பசி ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் வருகிறது. நிலம் காய்ந்துகொண்டே போகிற நேரத்தில் மரம் ஏன் துளிர்க்கிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பழைய இலைகளை உதிர்ப்பதிலேயே பதில் பாதி இருக்கிறது. இலை வழியாகத்தான் மரம் அதிகம் நீரை இழக்கிறது. இலைகள் போனதும் அந்தச் செலவு நின்றுவிடும். ஆழமாகப் போன வேர்கள் மண்ணின் கீழடுக்கிலிருந்து எடுக்கும் நீர் தண்டிலும் கிளையிலும் தேங்கும். அந்தச் சேமிப்பிலிருந்துதான் புதுத் துளிர். பகல் நீளுவதும் சில மரங்களுக்கு அழைப்பாக அமைகிறது. மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகி, அதன் பின் பகல் இரவைவிட நீண்டுவிடுகிறது. மேகமில்லாத வானம், நிறைந்த வெளிச்சம், மழைக்காலத்து அளவுக்குப் பெருகியிராத புழு பூச்சி. இளம் இலை உணவு சமைக்க இதைவிட நல்ல காலம் இல்லை. மழை வந்து பூச்சிகள் பெருகும்போது இலை முற்றிக் கெட்டியாகியிருக்கும்.

எனக்கு இந்த விளக்கம் பெரிய ஆறுதல். நாம் பயந்து ஒதுங்குகிற வெயிலை நம்பித்தான் மரம் தன் வருஷத்தைத் தொடங்குகிறது. ஒரே வெயில் நமக்குத் தண்டனையாகவும் அதற்கு விளைச்சலாகவும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, உச்சி வெயிலில் ஒரு புங்கத்தின் அடியில் நின்றால் புழுக்கம் குறைந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். எரிச்சல் குறைகிறது. அது உண்மை.

அரச மரத்துக்கு வருவோம். அதன் துளிர் செம்பு நிறம். சில மரங்களில் ரோஜா நிறத்துக்கே போகும். ஆந்தோசயனின் என்ற நிறமியின் வேலை அது. கடும் வெளிச்சத்திலிருந்து இளம் இலையை அது காக்கிறது. பச்சையத்தை மரம் உடனே இலைக்குள் நிரப்புவதில்லை. இலை கொஞ்சம் வலுவான பிறகுதான் நிரப்புகிறது. அதற்கு முன் ஏதாவது புழு கடித்துவிட்டாலும் மரத்துக்கு இழப்பு குறைவு. செம்பு வெளுத்து மஞ்சள் கலந்த பச்சையாகி, பிறகு முழுப் பச்சையாகும். ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் இந்த எல்லா நிறமும் இருக்கும்.

ஒரு பங்குனியில் என் அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தார். படுக்கைக்கு நேரே ஜன்னல், வெளியே ஓர் அரச மரம். காலையில் நான் போனதும், "அந்த ஓரத்துக் கிளையைப் பாருடி, இன்னிக்குக் கொஞ்சம் பச்சை ஏறியிருக்கு" என்பார். நானும் பார்ப்பேன். சில நாள் வித்தியாசம் தெரியும், சில நாள் தெரியாது. ரத்தப் பரிசோதனை முடிவைத் தவிர எங்களுக்குப் பேச இன்னொரு விஷயம் இருந்தது. மரம் யாரையும் குணப்படுத்தவில்லை. மருந்துதான் குணப்படுத்தியது. ஆனாலும் நீண்டு கிடந்த அந்தப் பகல்களில் ஏதோ ஒன்று ஒழுங்காக, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் எங்கள் இருவரையும் நிதானமாக வைத்தது. அமைதி என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். கவலை இருக்கும்போதே, கவலை இல்லாத இன்னொன்றின் மீதும் கண் வைக்க முடிவது.

இனி வேம்பு. துளிரோடு சேர்ந்தே பூவும் வருவதால் பங்குனிக் கடைசி முழுக்க வேம்பின் காலம். பூ மிகச் சிறியது. கொத்துக் கொத்தாய்த் தொங்குவதால் கீழிருந்து பார்க்க வெறும் வெண்மைதான் தெரியும். உதிர்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஐந்து வெள்ளை இதழும், நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சிறு குழலும் தெரியும். வாசனை சாயங்காலம் ஏறும். இரவு ஏழெட்டு மணிக்கு வேப்ப மரம் உள்ள தெருவில் நடந்தால், தேன் மணம் எங்கிருந்தோ வந்து போகும். இலையும் பட்டையும் அவ்வளவு கசக்கும் மரத்தில் இப்படி ஒரு மணம்.

வேப்பம்பூ சேர்ப்பது பங்குனியின் நல்ல வீட்டு வேலைகளில் ஒன்று. மரத்தடியை முதல்நாள் சாயங்காலமே பெருக்கி, பழைய வேட்டியையோ புடவையையோ விரித்துவிட வேண்டும். காலையில் பூ தானாகக் கொட்டிக் கிடக்கும். காம்பு, இலை, எறும்பு எல்லாம் போக முறத்தில் புடைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் அளவு பாதிக்கும் கீழே சுருங்கி, பழுப்பு நிறமாகும். டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பங்குனி வரை வரும். நெய்யில் கருக வறுத்துக் கடைசியில் ரசத்தில் போட வேண்டும். முன்னாடியே போட்டுக் கொதிக்கவிட்டால் ரசம் முழுக்கக் கசந்துவிடும். ஏப்ரல் 14 வாக்கில் வரும் சித்திரை முதல் நாளன்று மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் இந்தப் பூ விழும். புது வருஷத்தின் முதல் சாப்பாட்டில் அந்த மாதத்து மரமே இலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் பங்குனி இன்னும் பின்பனிதான். இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். நாளையும் அவர்கள் ஆறாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சிறுபொழுதும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பியம் தரும் சிறுபொழுது எற்பாடு, பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை. சென்னைக்காரர்கள் இதைத் தோலிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேல் காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பங்குனியில் அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே கிளம்பி, எற்பாடு முழுக்க வீசும். ஏறிக்கொண்டிருந்த வெப்பம் அதோடு நின்றுவிடும். கடற்கரை ஊருக்கு அழகான பொழுது பிற்பகல் என்று கண்டுகொண்டவர்கள் அங்கே வாழ்ந்து, காற்று வரும் நேரத்துக்குக் காத்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் நாலு மணிக்கு நின்று பாருங்கள். அவர்கள் சொன்னது இன்னும் செல்லுபடியாகிறது.

இப்படிப் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் நம் ஊரில் ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கி, 1996-ல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் எழுதினார். யானையையும் காட்டையும் எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் பல்லியையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நாற்பத்தாறு ஆண்டு எழுதியும் தீராத அளவுக்கு நம்மைச் சுற்றி விஷயம் இருக்கிறது என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டாம்.

நீங்களும் தொடங்கலாம். ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் கடந்து போகிற மரமாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்து, இலை, பூ, காய் மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதுங்கள். 2010-ல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் நாடு முழுவதும் கேட்பது இதைத்தான். கேரளத்தில் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். புங்கம், வேம்பு, கொன்றை, மா போன்ற சாதாரண மரங்களே அதன் பாடம். பல ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், வெப்பம் கூடக் கூட மரங்களின் நாள் மாறுகிறதா என்பதை அறிவியலால் சொல்ல முடியும். ஒரு வீட்டின் நோட்டுப் புத்தகமும் அந்தச் சான்றில் ஒரு பங்கு.

பார்க்கத் தொடங்கினால் பாதுகாக்கவும் தோன்றும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். புயல் எப்போதாவது வரும். நடைபாதை போடுகிறவர்கள் அடிமரம் வரை சிமென்ட்டைக் கொட்டி இறுக்குவதோ எல்லா நாளும் நடக்கிறது. மேலே சொன்ன துளிர் எல்லாம் வேர் எடுக்கும் நீரில்தான் நிற்கிறது. உங்கள் வாசல் மரத்தைச் சுற்றி இரண்டடியாவது மண்ணை விட்டுவைக்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிறார்கள், எங்கள் தெருவில் கேட்டார்கள்.

இந்த வாரம் வேப்பம்பூவுக்கு வேட்டி விரியுங்கள். நாட்காட்டியில் ஏப்ரல் 24-ஐ வட்டமிட்டு வையுங்கள். அந்த நாளை ஒட்டிச் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12 மணி 7 நிமிட வாக்கில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. கன்னியாகுமரிக்காரர்களுக்கு அது இரண்டு வாரம் முன்னதாகவே, ஏப்ரல் 10-ஐ ஒட்டி வந்துவிடும். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள்.

அடுத்த வாரம்: சித்திரைக் கொன்றை.

(தொடரும்)